சனிக்கிழமைக் கூலி – கடிதம்

அன்புள்ள சார்,

விளையாட்டுகள் பற்றிய உங்கள் கட்டுரையில் ரக்பியையும் போலோவையும் சேர்த்து ‘சீமான்களின் ஆட்டம்’ என்று எழுதியிருந்தீர்கள். நான் இரண்டு வருடம் வட இங்கிலாந்தின் லீட்ஸில் வேலை பார்த்தவன். பக்கத்தில் பாட்லி என்ற சின்ன ஊரில் வாடகைக்கு இருந்தேன். அங்கே ரக்பி பார்க்க வந்த கூட்டத்தில் சீமான் ஒருவரையும் நான் கண்டதில்லை. வீட்டுக்காரப் பெரியவர், “அந்த ரக்பி வேறு, எங்கள் ரக்பி லீக் வேறு” என்பார். ஏன் பிரிந்தீர்கள் என்று கேட்டால், “காசுக்குத்தான்” என்று சிரிப்பார். அவ்வளவுதானா?

இன்னொன்று. அந்த மைதானம் ஒரு மூலைக்குச் சரிந்து கிடப்பது போலவே எனக்குத் தெரியும். கண் கோளாறா?

எஸ்., திருப்பூர்

*

அன்புள்ள எஸ்.,

குட்டை வாங்கிக்கொள்கிறேன். அந்த வரியை எழுதும்போது என் மனதில் இருந்தது லண்டன் மட்டும்தான்.

பனியன் வேஸ்ட் மூட்டைகளைப் பார்த்து வளர்ந்த உங்களுக்குப் பாட்லியைப் பற்றி நான் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்பதுதான். இருந்தாலும் மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். அது கந்தலில் பிழைத்த ஊர். 1813-ல் பெஞ்சமின் லா என்பவர் பழைய கம்பளித் துணியைக் கிழித்து நாராக்கி, புதுக் கம்பளியோடு கலந்து மறுபடி நூற்க வழி கண்டுபிடித்தார். அப்படி நெய்த துணிக்கு ‘ஷாடி’ என்று பெயர். ஐரோப்பாவின் பல மூலைகளிலிருந்து கந்தல் மூட்டைகள் ரயிலில் வந்து இறங்கும். ஸ்டேஷனிலேயே ஏலம் நடக்கும். பெண்கள் உட்கார்ந்து பொத்தானை அறுத்து, தையலைப் பிரித்து, நிறம் பார்த்துத் தனித்தனியாகப் போடுவார்கள். பிறகு அது பல் வைத்த உருளைக்குள் போகும். அந்த எந்திரத்தை ‘டெவில்’ என்பார்கள், பேய். அது கக்கிய தூசியால் வந்த நோய்க்கு ‘ஷாடிக் காய்ச்சல்’ என்றே பெயர் உண்டு.

1880-ல் இந்த ஊரில் ரக்பி கிளப் தொடங்கியது. மவுண்ட் பிளெசன்ட் என்ற அதே மேட்டு மைதானம்தான் அன்றும் இன்றும். ஐந்தே வருடத்தில் யார்க்‌ஷயர் கோப்பையை ஜெயித்தார்கள். ஊர்க்காரர்கள் அந்தக் கோப்பையைச் செல்லமாக ‘பழைய தகர டப்பா’ என்பார்கள்.

சிக்கல் சனிக்கிழமையில் வந்தது. 1850-ன் தொழிற்சாலைச் சட்டப்படி துணி ஆலைகள் சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு நின்றுவிடும். உள்ளூரில் மேட்ச் என்றால் கை கழுவிவிட்டு ஓடி வந்து ஆடலாம். வெளியூர் என்றால்? காலையிலேயே ரயில் ஏற வேண்டும், அரைநாள் கூலி போய்விடும். வார நடுவில் மேட்ச் வந்தால் இன்னும் மோசம். படித்து உத்தியோகத்தில் இருப்பவனுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. வாரக் கூலிக்காரனுக்கு வீட்டில் அடுப்பு எரிகிற விஷயம்.

வட இங்கிலாந்து கிளப்புகள் சம்பளம் கேட்கவில்லை. ஆட்டத்தால் போன கூலியை மட்டும் ஈடு செய்யச் சொன்னார்கள். 1893-ல் லண்டனில், ஆட்டத்தை நிர்வகித்த ரக்பி யூனியனின் கூட்டத்தில் இந்தத் தீர்மானம் 136-க்கு 282 என்று தோற்றது. காசு வாங்கினால் ஆட்டத்தின் தூய்மை கெட்டுவிடுமாம். வேலைக்குப் போகாமலே வயிறு நிரம்புகிறவனுக்குத் தூய்மை பேசுவது சுலபம்.

1895 ஆகஸ்ட் 29 அன்று ஹட்டர்ஸ்ஃபீல்டில் ஜார்ஜ் ஹோட்டலில் கூடி, ‘நார்தர்ன் யூனியன்’ என்று தனியாகப் பிரிந்துபோனார்கள். அதுதான் பிற்பாடு உங்கள் வீட்டுக்காரர் சொன்ன ரக்பி லீக் ஆனது. முதல் பருவத்தில் 22 கிளப்புகள் ஆடின, பாட்லி அதில் ஒன்று. இதில் ஒரு வேடிக்கை. லண்டனில் அந்தத் தீர்மானத்தை வழிமொழிந்த மார்க் நியூசம் பக்கத்து ஊரான ட்யூஸ்பரிக்காரர். ஆனால் பிரிகிற நேரம் வந்ததும் ட்யூஸ்பரி கிளப் வெளியே வரவில்லை. அவர்கள் வந்து சேர 1898 ஆயிற்று. அதற்குள் பாட்லி இரண்டு கோப்பையை ஜெயித்திருந்தது!

புதிய அமைப்பு நடத்திய முதல் சேலஞ்ச் கப் இறுதிப் போட்டி 1897 ஏப்ரல் 24 அன்று ஹெடிங்லியில் நடந்தது. எதிரே செயின்ட் ஹெலன்ஸ். அவர்கள் ஒரே மாதிரி ஜெர்சிகூட இல்லாமல், ஆளுக்கொன்றாகப் போட்டுக்கொண்டு இறங்கினார்களாம். அப்போது அணிக்கு 15 பேர்தான். பதின்மூன்றாகக் குறைத்தது 1906-ல். ஜான் குடால் தலைமையில் பாட்லி 10–3 என்று ஜெயித்தது. அடுத்த வருடம் பிராட்ஃபோர்டைத் தோற்கடித்தபோது வந்த கூட்டம் ஏறக்குறைய 28 ஆயிரம், முதல் வருடத்தைப்போல இரண்டு மடங்கு. 1901-ல் வாரிங்டனை ஜெயித்து மூன்றாவது முறையும் தூக்கினார்கள். ஊர் ஜனத்தொகையே முப்பதாயிரம்தான்.

‘காசுக்குத்தான்’ என்று உங்கள் வீட்டுக்காரர் சொன்னது தன் ஆட்களைத் தானே கிண்டல் செய்துகொள்கிற யார்க்‌ஷயர் குசும்பு. கணக்கைப் பாருங்கள். 1895-ல் அனுமதித்த ஈட்டுத்தொகை ஒரு நாளுக்கு ஆறு ஷில்லிங். அதற்கு மேல் கிடையாது. 1898-ல் வெளிப்படையாகக் காசு கொடுக்கலாம் என்று ஆனபோதும், ஆடுகிறவன் கையில் வேறொரு உண்மையான வேலை இருந்தாக வேண்டும் என்று நிபந்தனை வைத்தார்கள். பில்லியர்ட்ஸ் மேஜையில் புள்ளி எண்ணுவதும் சாராயக்கடையில் பரிமாறுவதும் வேலைக் கணக்கில் சேராது. காசுப்பேய் பிடித்தவன் தனக்குத்தானே இப்படி விலங்கு மாட்டிக்கொள்வானா? கெட்ட பெயர் வந்துவிடக் கூடாது என்று எத்தனை பயந்திருக்கிறார்கள்! 1905-ல்தான் அந்த விதி போனது.

உண்மையிலேயே காசைத் தேடிப்போனவர்கள் வேறு. நார்தர்ன் யூனியனின் முதல் பருவத்தில் சாம்பியனான மானிங்ஹாம் கிளப் 1903-ல் மொத்தமாகக் கால்பந்துக்குத் தாவி, பிராட்ஃபோர்ட் சிட்டி ஆனது. 1898-ல் பாட்லியிடம் தோற்ற பிராட்ஃபோர்ட் கிளப்பும் 1907-ல் அதே வழியில் போனது. பாட்லி நகரவில்லை.

மைதானம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். உங்கள் கண் சரியாகத்தான் இருக்கிறது. சரிவு நிஜம். மலைச்சரிவில் வெட்டிய மைதானம், இன்றுவரை யாரும் அதை நிரவவில்லை. வெளியூர்க்காரன் மேடு ஏறி மூச்சு வாங்குவான், பாட்லிக்காரனுக்கு அது தினமும் வீட்டுக்குப் போகிற வழி.