முதல் 60 அடிக்குச் செலவழியுங்கள்: வாகனக் கேள்வி பதில்

கேள்வி: என்னிடம் 2014 மாடல் ஜாகுவார் எஃப்-டைப் வி6 எஸ் இருக்கிறது. செகண்ட் ஹேண்டில் வாங்கியது. 3 லிட்டர் சூப்பர்சார்ஜர் எஞ்சின், 380 குதிரைத்திறன், ஆட்டோமேட்டிக் கியர். மூடிய பந்தயத்தடத்தில் டிராக் ரேஸ் (நின்ற இடத்திலிருந்து நேர்கோட்டில் பாயும் பந்தயம்) ஓட்டிப் பார்த்தேன். கால் மைலுக்கு 13.9 விநாடி வந்தது, முடிவுக்கோட்டில் வேகம் 168 கி.மீ. முதல் 60 அடிக்கே 2.3 விநாடி போய்விடுகிறது. சின்ன புல்லி, ஈசியூ ரீமேப் (எஞ்சின் கணினியின் சாஃப்ட்வேரை மாற்றுவது) இரண்டும் சேர்த்து இரண்டரை லட்சம் ஆகும், அரை விநாடி கட்டாயம் குறையும் என்கிறார் கராஜ்காரர். கொடுக்கலாமா?
(வாசகர், ஓசூர்)

பதில்: இப்போது கொடுக்காதீர்கள். அவர் சொல்லும் அரை விநாடி உங்கள் வண்டியில் இருக்கிறது. ஆனால் அது எஞ்சினில் இல்லை, பின் டயரில் இருக்கிறது.

நீங்கள் அனுப்பிய எண்களே இதைச் சொல்கின்றன. கால் மைல் என்பது 402 மீட்டர். முடிவுக்கோட்டில் வண்டி தொடும் வேகம் எஞ்சினின் பலத்தைக் காட்டும். முதல் 60 அடியின் நேரம், அதாவது ஏறக்குறைய 18 மீட்டருக்கான நேரம், பிடிமானத்தைக் காட்டும். 168 கி.மீ. என்பது இந்த எஞ்சினுக்குக் குறைச்சலான வேகம் அல்ல. எஞ்சின் ஆரோக்கியமாக இருக்கிறது. 2.3 விநாடிதான் மோசம். இந்த வண்டி நல்ல டயரில், நிதானமான காலில் 2 விநாடியை ஒட்டி வரவேண்டும். 60 அடியில் மிச்சப்படுத்தும் ஒவ்வொரு 0.1 விநாடிக்கும் மொத்த நேரத்தில் 0.15 முதல் 0.2 வரை குறையும் என்பது டிராக் ரேஸ்காரர்களின் பழைய கணக்கு. 0.3 குறைத்தால் என்ன வரும் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

சின்ன புல்லி என்ன செய்யும்? சூப்பர்சார்ஜர் பெல்ட் வழியாக கிராங்க்ஷாஃப்ட்டோடு கட்டப்பட்டது. புல்லி சிறுத்தால் அது வேகமாகச் சுழலும், எஞ்சினுக்குள் இன்னும் அழுத்தமாகக் காற்று போகும். டர்போ போல அழுத்தம் ஏறக் காத்திருக்க வேண்டியதில்லை, ஆக்ஸிலரேட்டரை மிதித்த கணமே இழுவிசை வந்துவிடும். உங்கள் பின்சக்கரங்கள் ஏற்கெனவே தாங்க முடியாமல் சுழல்வது அதனால்தான். சுழலும் டயருக்கு இன்னும் இழுவிசை கொடுத்தால் இன்னும் சுழலும். 13.9 என்பது 13.7 ஆகலாம், 60 அடி 2.4 ஆகலாம். இரண்டரை லட்சத்துக்கு அது நியாயமே இல்லை.

ஆகவே முதலில் டயர். பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. செகண்ட் ஹேண்டில் வரும் ஸ்போர்ட்ஸ் கார்கள் பெரும்பாலும் ஷெட்டில் நின்றவை. பட்டன் தேயாமல் ரப்பர் மட்டும் இறுகிப்போயிருக்கும், பார்வைக்குப் புது டயர்போலத் தெரியும். ஐந்தாறு வருடம் தாண்டியிருந்தால் பின் இரண்டையும் ஒன்றாக மாற்றுங்கள். ஜாகுவார் சொல்லும் அதே அளவு, அதே வேகக் குறியீடு, ஐஎஸ்ஐ முத்திரை, இந்த மூன்றையும் பில் போடும் முன்பே பாருங்கள். கராஜ்காரர் கேட்ட தொகையில் பாதிகூட ஆகாது. டிராக் ரேஸுக்கென்றே செய்த டயரான வெளிநாட்டு டிராக் ரேடியல் தருகிறேன் என்று யாராவது வருவார்கள். அவை உலர்ந்த தடத்துக்கானவை. அதை மாட்டிக்கொண்டு மழையில் சூளகிரி இறக்கத்தில் இறங்கக் கூடாது.

அடுத்தது காற்றழுத்தம். தடத்தில் மட்டும் பின் டயரில் நான்கைந்து பிஎஸ்ஐ குறைத்துப் பாருங்கள். பக்கச்சுவர் குட்டையான டயர் என்பதால் அதற்குக் கீழே போனால் நன்மை இல்லை. கையோடு ஒரு சிறிய பம்பு எடுத்துப் போங்கள். அழுத்தம் குறைந்த டயரோடு இருநூறு கிலோமீட்டருக்கு மேல் வீடு திரும்புவது உயிரோடு விளையாட்டு.

மூன்றாவது உங்கள் கால். இதற்குப் பைசா செலவில்லை, ஆனால் பொறுமை வேண்டும். பிரேக்கை இடது காலால் அழுத்தி, ஆக்ஸிலரேட்டரை 1,500 முதல் 1,800 ஆர்பிஎம் வரை மட்டும் ஏற்றுங்கள். பிரேக்கை விட்டதும் முழுக்க மிதிக்காதீர்கள். வண்டியின் எடை பின்னால் சாயும் வரை முக்கால் மிதி, பிறகு முழு மிதி. பிரேக்கோடு ஆக்ஸிலரேட்டரைப் பிடித்து வைப்பது இரண்டு விநாடிக்கு மேல் வேண்டாம். எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வர்ட்டருக்குள் இருக்கும் ஆயில் கொதித்துவிடும், அந்த கியர்பாக்ஸ் பழுதானால் வரும் பில் புல்லியை விடப் பெரியது. டிராக்‌ஷன் கன்ட்ரோலை முழுக்க அணைக்க வேண்டாம். முழுக்க அணைக்காமல் பாதி தளர்த்தும் ட்ராக் டிஎஸ்சி என்ற இடைநிலை இந்த வண்டியில் இருக்கிறது, அதில் பழகுங்கள். தொடக்கக் கோட்டில் பிடிமானப் பசை பூசாத தடங்களில் ஆர்பிஎம்மைக் கூட்டக் கூட்ட நேரம் கெடும். 1,500இல் தொடங்கி நூறு நூறாக ஏற்றி, ஒவ்வொரு ஓட்டத்தின் 60 அடி நேரத்தையும் நோட்டில் எழுதுங்கள்.

சூடு நம் மாவட்டங்களில் பெரிய விஷயம். சூப்பர்சார்ஜர் காற்றை அமுக்கும்போதே சூடாக்குகிறது. உள்ளே போகும் காற்று சூடேறினால் ஈசியூ இக்னிஷன் நேரத்தைத் தாமதமாக்கிவிடும், பலம் குறையும். அடுத்தடுத்து ஓட்டினால் மூன்றாவது ஓட்டம் முதல் ஓட்டத்தை விட மெதுவாக வருவது இதனால்தான். பானெட்டைத் திறந்துவைத்து அரை மணி நேரம் விடுங்கள். வண்டியின் கணினித் தகவலைப் படிக்கும் விலை மலிவான ஓபிடி ஸ்கேனர் ஒன்றை மாட்டினால் உள்காற்றின் வெப்பம் போனிலேயே தெரியும், அது இறங்கிய பிறகு ஓட்டுங்கள். வெயில் தாழ்ந்த நேரமே நல்ல நேரம்.

கராஜ்காரர் காட்டும் "முன், பின்" நேரங்களையும் சும்மா நம்பவேண்டாம். டிராக் ரேஸ் கடிகாரம் வண்டி ஏறக்குறைய ஓர் அடி உருண்ட பிறகே ஓடத் தொடங்கும். ஜிபிஎஸ் கருவிகளில் இந்த ஓர் அடியைச் சேர்க்கலாம், விடலாம். வேலைக்கு முன் சேர்த்து, பின் விட்டு அளந்தால் புல்லியே மாட்டாமல் கால் விநாடி குறைந்துவிடும். சாய்வும் அப்படித்தான். ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி வருவதற்குள் முந்நூறு மீட்டருக்கு மேல் உயரம் இறங்குகிறோம். அந்தச் சாலையில் எடுத்த நேரத்தை யாராவது காட்டினால் அது எஞ்சினின் திறமை அல்ல. போன் ஜிபிஎஸ் விநாடிக்கு ஒருமுறைதான் இடத்தைக் குறிக்கும், அரை விநாடி வித்தியாசத்தை அளக்க அது போதாது. ஒரே தடம், ஒரே நாள், ஒரே கருவி, 60 அடி நேரம் தனியாக. இப்படிக் காட்டச் சொல்லுங்கள்.

இன்னொன்றைச் சொல்லாமல் விடமுடியாது. தேசிய நெடுஞ்சாலை 44இல் இதைச் சோதித்துப் பார்க்காதீர்கள், விடியற்காலை நான்கு மணிக்குக்கூட. அந்த நேரத்தில்தான் பூ ஏற்றிய வேன்களும் சிப்காட் ஷிஃப்ட் பஸ்களும் வரும். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 189 பொதுச்சாலைப் பந்தயத்துக்கு முதல் முறை மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் என்கிறது, இரண்டும் சேர்ந்தும் வரலாம். இரண்டாம் முறை ஓராண்டு வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். எனக்கு அபராதத்தைவிட அந்த வேன் டிரைவரைப் பற்றித்தான் கவலை.

டயரும் காலும் சரியாகி, 60 அடி 2 விநாடிக்கு வந்த பிறகும் புல்லி ஆசை இருந்தால் அப்போது பேசலாம். பழைய புல்லியும் ஒரிஜினல் சாஃப்ட்வேரும் உங்கள் கைக்கு வரும் என்று எழுதி வாங்குங்கள். இன்டர்கூலர் பம்பும் பிளாஸ்டிக் கூலன்ட் குழாய்களும் புதிதா என்று பாருங்கள், பத்து வயது வண்டியில் அவைதான் முதலில் கைவிடும்.

கேள்வி: 100 ஆக்டேன் பெட்ரோல் போட்டால் நேரம் குறையுமா?
(வாசகர், பாலக்கோடு)

பதில்: சூப்பர்சார்ஜர் வண்டியில் 91க்கும் 95க்கும் வித்தியாசம் தெரியும், ஏனென்றால் நாக்கிங் (பெட்ரோல் தாறுமாறாக எரிந்து எஞ்சின் தட்டுவது) வராமல் இருக்க ஈசியூ பலத்தைக் குறைக்கிறது. கம்பெனி 95 என்று சொல்லியிருந்தால் 95க்குக் குறையக் கூடாது. அதற்கு மேல் 100 என்பது ரீமேப் செய்யாத வண்டிக்குப் பெரும்பாலும் வீண்செலவு. வெயில் உச்சியில் ஓட்டும் நாளில் மட்டும் கொஞ்சம் துணை.

கேள்வி: என் மகன் பந்தயத்தடத்தில் ஓட்டும்போது வண்டி சுவரில் உரசிவிட்டது. முழு இன்ஷூரன்ஸ் இருக்கிறது. தொப்பூரில் டிவைடரில் இடித்ததாகச் சொல்லி கிளெய்ம் போடலாம் என்கிறார் ஏஜென்ட். சரியா?
(வாசகர், தருமபுரி)

பதில்: தயவுசெய்து செய்யாதீர்கள். பாலிசியில் "பயன்பாட்டு வரம்புகள்" என்ற பகுதியைப் படியுங்கள். ஒழுங்கமைக்கப்பட்ட பந்தயம், வேகச் சோதனை இரண்டும் விலக்கப்பட்டிருக்கும். தடத்தில் நடந்ததற்குப் பணம் வராது. இடத்தை மாற்றிச் சொன்னால் அது பொய்க் கிளெய்ம். சர்வேயர் பெயின்ட் தடயத்தையும் உரசலின் உயரத்தையும் பார்ப்பார், அன்று தடத்தில் எடுத்த வீடியோ பத்து போனில் இருக்கும். கையெழுத்து ஏஜென்டுடையது அல்ல, உங்களுடையது. பெயின்ட் செலவை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள். அடுத்த முறை போகும் முன், அன்றைய நாளுக்குத் தனிக் காப்பீடு உண்டா என்று நிகழ்ச்சி நடத்துபவரிடம் மகனைக் கேட்கச் சொல்லுங்கள்.

கேள்வி: பெங்களூரில் ஒரு சூப்பர்சார்ஜர் கார் மலிவாக வருகிறது. டிஎன் 24க்கு (கிருஷ்ணகிரிப் பதிவு) மாற்றவேண்டும். என்ன பார்ப்பது?
(வாசகர், காவேரிப்பட்டணம்)

பதில்: குளிர்ந்த எஞ்சினை உங்கள் கண்முன் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் போகும் முன்பே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் போங்கள். ஐடிலில் சூப்பர்சார்ஜர் முனையிலிருந்து கடகடவென்று சத்தம் வந்தால் உள்ளே கப்ளர் தேய்ந்திருக்கும். பெல்ட்டைச் சுற்றிக் கறுப்புத் தூள், முனையில் ஆயில் கசிவு, கம்பெனிப் புல்லி அல்லாத புல்லி, இவற்றில் எதைப் பார்த்தாலும் ஏற்கெனவே யாரோ பந்தயம் ஓட்டிய வண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். விலை மலிவாக இருப்பதன் காரணம் பெரும்பாலும் அங்கேயே கிடைக்கும்.

காகிதத்தில் படிவம் 28 தடையின்மைச் சான்று, உரிமை மாற்றப் படிவங்கள் 29, 30 மூன்றும் கைக்கு வராமல் முழுப்பணம் கொடுக்கவேண்டாம். 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் தமிழ்நாட்டுப் பதிவெண் வாங்கியாக வேண்டும், அதற்கு ஆயுள்வரி இங்கே தனி. அதையும் கூட்டிப் பார்த்தபின் விலை பேசுங்கள். இன்ஷூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள்.

கேள்வி: கராஜில் அட்வான்ஸ் எண்பதாயிரம் வாங்கிக்கொண்டு நான்கு மாதமாக வேலையும் இல்லை, பணமும் இல்லை. கராஜ் பெங்களூரில் இருக்கிறது. நான் பர்கூர். அங்கே போய் வழக்குப் போடவேண்டுமா?
(வாசகர், பர்கூர்)

பதில்: வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம், உங்களுக்கு அது கிருஷ்ணகிரி. ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை, இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம், வக்கீல் கட்டாயம் இல்லை. அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைத்துப் பாருங்கள், சில நேரம் அந்த அழைப்பிலேயே பணம் திரும்பிவிடும். பணம் போன வங்கிக் கணக்கின் விவரம், கராஜ்காரர் தேதி சொன்ன வாட்ஸ்அப் செய்திகள் இரண்டையும் இன்றே பிரதி எடுத்து வையுங்கள். இரண்டு வருடக் காலவரம்பு ஓடிக்கொண்டிருக்கிறது. 15 நாள் அவகாசம் கொடுத்து ஒரு நோட்டீஸை ஸ்பீட் போஸ்டில் நாளையே அனுப்புங்கள்.