பாம்பு கடித்த இடத்தை அறுத்து விஷத்தை எடுத்துவிட்டால், விஷமுறிவு ஊசி தேவையில்லைதானே?

தேவைதான். விஷம் கடிவாயிலேயே காத்திருக்காது. நிணநீர் வழியாக உடலுக்குள் பரவிவிடும். கண்ணாடிவிரியன் கடியென்றால் அறுப்பது இன்னும் மோசம். அந்த விஷம் ரத்தத்தை உறைய விடாது, பிளேடு பட்ட இடம் கொட்டிக்கொண்டே இருக்கும். அதனால்தான் மருத்துவமனையில் கொஞ்சம் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்க்கிறார்கள். உறையாமல் வழிந்தால் விஷமுறிவு மருந்து. வழக்கமாக 10 குப்பியில் தொடங்கும்.

சரி, கத்திக்கு வேலையே இல்லையா? உண்டு, அப்புறம். நல்லபாம்பு கடியில் சதை அழுகினால் அதை நீக்குவார்கள். வீக்கத்தின் அழுத்தத்தில் தசைக்கு ரத்தஓட்டம் நின்றால், தசையுறையைக் கீறுவார்கள். அரிதாக, அதுவும் ரத்தம் உறையத் தொடங்கிய பிறகு.

வடசென்னையில் மணலி, எண்ணூர் பக்கம் கடிபட்டால் கயிறும் பிளேடும் தேடாதீர்கள். காலை அசைக்காமல் 108-இல் ஏற்றி ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.