சரங்களும் நினைவகமும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: சி மொழியில் 'தமிழ்' என்ற சொல்லை நகலெடுக்க, மூன்று எழுத்துக்கும், சரம் (எழுத்துகளின் வரிசை) முடிந்ததைக் காட்டும் முடிவுச் சுழியத்துக்குமாக 4 பைட் ஒதுக்கினேன். நிரல் சில நேரம் மட்டும் நின்றுபோகிறது. ஏன்?

எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட் தேவை. த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என இச்சொல்லில் 5 குறியீடுகள் இருப்பதால், சுழியத்தையும் சேர்த்து 16 பைட் ஆகிறது. கேட்டதைவிடச் சற்றுக் கூடுதலாகவே நினைவகம் ஒதுக்கும் மேலாக் செயற்கூறு பல நேரம் ஒதுக்கிவிடுவதால்தான் இதுவரை தப்பினீர்கள். எழுத்தை எண்ணாதீர்கள், பைட்டை எண்ணுங்கள்.

கேள்வி: சரத்தைப் புதிய நினைவகத்தில் நகலெடுக்கும் ஸ்டிர்டப் தரும் சரத்தை நான் விடுவிக்க வேண்டுமா?

ஆம். அதன் கையேட்டிலேயே இது எழுதியிருக்கிறது. கேட்பதற்கு முன் படித்திருக்கலாம். சரத்தைத் திருப்பித் தரும் செயற்கூறு ஒவ்வொன்றின் தலைப்பிலும், அதை விடுவிப்பது யார் பொறுப்பு என்று குறித்து வையுங்கள்.

கேள்வி: பாதுகாப்புக்காக சரத்தை நகலெடுக்கும் ஸ்டிர்காப்பியை எல்லா இடத்திலும், பைட் எல்லை வைத்து நகலெடுக்கும் ஸ்டிர்என்காப்பியாக மாற்றிவிட்டேன். இனிக் கவலையில்லை அல்லவா?

கவலை இனிமேல்தான் தொடங்குகிறது. இந்தத் தவறான நம்பிக்கையைப் பல ஆண்டுகளாக மறுத்து எழுதியும் அது ஓயவில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. ஸ்டிர்என்காப்பி, பழைய யூனிக்ஸ் கோப்பகத்தில் கோப்புப் பெயருக்கென இருந்த 14 பைட் நிலையான புலத்தைப் போன்றவற்றை நிரப்புவதற்காகப் பிறந்தது. அங்கே பெயர் குறுகியதாக இருந்தால் மீதியைச் சுழியங்களால் நிரப்ப வேண்டும், முழுப் புலமும் நிறைந்துவிட்டால் முடிவுச் சுழியம் தேவையில்லை. அதே நடத்தை உங்கள் நிரலில், மூலச் சரம் எல்லையைத் தொட்டவுடன் சுழியமற்ற ஒன்றை விட்டுச் செல்கிறது. அடுத்து வரும், சுழியம்வரை நீளத்தை எண்ணும் ஸ்டிர்லென் எல்லை தாண்டி ஓடுகிறது. தமிழ்ச் சரமாக இருந்தால் ஒரு குறியீட்டின் 3 பைட்டுகளை நடுவில் வெட்டிவிடவும் கூடும். 1998-இல் ஓப்பன்பிஎஸ்டி இயங்குதளம் அறிமுகப்படுத்திய ஸ்டிர்எல்காப்பியையோ, எஸ்என்பிரிண்ட்எஃப்பையோ பயன்படுத்துங்கள். இரண்டும் சுழியமிட்டு முடிக்கும், சரம் வெட்டுப்பட்டதா என்பதைத் திருப்பும் மதிப்பால் தெரிவிக்கும். ஆனால் அந்த மதிப்பை நீங்கள் பார்க்க வேண்டும். நடு எழுத்தில் வெட்டுவதை இவையும் தடுக்கமாட்டா.

கேள்வி: பெரிய கோப்பைப் படித்து, அதிலிருந்து பத்துப் பைட் அளவுள்ள துண்டை மட்டும் வைத்துக்கொள்கிறேன். குப்பை சேகரிப்பு (பயன்படாத நினைவகத்தை மொழியே விடுவிப்பது) இருந்தும் நினைவகப் பயன்பாடு குறையவில்லையே?

எந்த மொழி, எந்தப் பதிப்பு என்று எழுதாமல் இப்படிக் கேட்பது முறையல்ல. கோ மொழியாக இருந்தால், துண்டு மூலச் சரத்தின் நினைவகத்தையே பகிர்கிறது. துண்டு உயிரோடிருக்கும்வரை முழுக் கோப்பும் இருக்கும். 2022-இல் வந்த 1.18 பதிப்பிலிருந்து உள்ள ஸ்டிரிங்ஸ்.குளோன் கொண்டு துண்டைத் தனியே நகலெடுங்கள். ஜாவாவிலும் இதே சிக்கல் இருந்தது. 2012-இல், 7-ஆம் பதிப்பின் 6-ஆவது புதுப்பிப்பிலிருந்து, துண்டெடுக்கும் சப்ஸ்டிரிங் நகலே எடுக்கிறது.

கேள்வி: பைத்தானில் ஆயிரக்கணக்கான வரிகளை ஒன்றாக்குவது எப்படி?

பட்டியலில் சேர்த்து, இறுதியில் ஒரே முறை ஜாயின் செய்யுங்கள்.

கேள்வி: ரஸ்ட் மொழியில், நினைவகத்தை விடுவிக்கும் ஃப்ரீ எழுதுவதே இல்லை. அப்படியானால் அதில் குப்பை சேகரிப்பு உள்ளதா?

இல்லை. ரஸ்டின் சர வகையான ஸ்டிரிங் தன் நினைவகத்தின் உரிமையாளர். அந்த மாறியின் வரம்பு முடியும் இடத்தில் விடுவிக்கும் கட்டளையை, நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் தொகுப்பியே இடுகிறது. நான் மேலே தலைப்பில் குறிக்கச் சொன்ன பொறுப்பு, இங்கே வகையிலேயே எழுதப்பட்டிருக்கிறது: ஸ்டிரிங்கைத் திருப்பித் தந்தால் உரிமை பெறுபவருக்கு மாறுகிறது, கடனாகப் பெற்ற துண்டு உரிமையாளருக்குப் பின்னும் வாழ முயன்றால் நிரல் தொகுக்கப்படுவதே இல்லை.