இரவுப் படத்தில் விளக்கெல்லாம் முள்ளாக நிற்கிறதா? முதலில் கதிர்களை எண்ணுங்கள்

கேள்வி: அண்ணா, ட்ரைபாட் வைத்து ஒரு பாலத்தை எடுத்தேன். எஃப்16, 16 நொடி, ஐஎஸ்ஓ 100. எல்லா விளக்கிலிருந்தும் முள்முள்ளாகக் கதிர் நீட்டிக்கொண்டு நிற்கிறது. லென்ஸ் போச்சா?

பதில்: லென்ஸுக்கு ஒன்றும் ஆகவில்லை, எஃப்16 செய்த வேலை அது. எஃப் எண் கூடக் கூட லென்ஸின் துளை (அப்பர்ச்சர்) சிறுக்கும். துளையைச் சுருக்கும் பிளேடுகளின் நேரான ஓரத்தை உரசிக்கொண்டு வரும் ஒளி, பக்கவாட்டில் சிதறும். பள்ளியில் விளிம்பு விளைவு என்று படித்தோமே, அதேதான். துளை சிறுக்கச் சிறுக்கக் கதிர் எடுப்பாகும். எஃப்5.6க்கு வந்துவிடுங்கள். மூன்று ஸ்டாப் வித்தியாசம் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரு மடங்கு), அதாவது 8 மடங்கு ஒளி கூடுதல்; 16 நொடியை 2 நொடியாக்கினால் படத்தின் வெளிச்சம் மாறாது. பாலம் தூரத்தில்தானே இருக்கிறது, ஃபோகஸ் ஆழம் பற்றிய பயமும் வேண்டாம். ஒரே நஷ்டம், 16 நொடியில் பட்டுப்போல வழுவழுப்பாக வந்த தண்ணீர் 2 நொடியில் அப்படி வராது. அதுவும் வேண்டுமென்றால் ஒளியைக் குறைக்கும் கருப்புக் கண்ணாடியான என்டி ஃபில்டர், 3 ஸ்டாப் அளவில் ஒன்று போடுங்கள்.

கேள்வி: என் படத்தில் ஒரு விளக்குக்கு 14 கதிர். நண்பன் படத்தில் 6 தான். யார் லென்ஸ் நல்லது?

பதில்: உங்களுடையதில் 7 பிளேடு, அவருடையதில் 6. அவ்வளவுதான்! ஒவ்வொரு ஓரமும் இரு பக்கமும் கதிர் வீசும். இரட்டைப்படை என்றால் எதிரெதிர் ஓரங்கள் இணையாக இருப்பதால் கதிர்மேல் கதிர் விழுந்துவிடுகிறது. ஒற்றைப்படையில் அது நடக்காததால் எண்ணிக்கை இரட்டிக்கும். 9 பிளேடுக்கு 18 வரும். ஹபிள் தொலைநோக்கி எடுத்த நட்சத்திரங்களில் 4 கதிர் பார்த்திருப்பீர்கள். அங்கே பிளேடு இல்லை, இரண்டாவது கண்ணாடியைத் தாங்கும் கம்பிகளின் உபயம்.

கேள்வி: சார், போனில் அப்பர்ச்சரை மாற்ற வழியில்லை. விளக்குக்கு விளக்கு ஒரே நீளக் கோடு, மேலும் கீழுமாக.

பதில்: எண்ணிப் பார்த்தால் ஒரே கோடு, அப்படியென்றால் விரல் பிசுக்கு. சட்டையில் இடமிருந்து வலமாகத் துடைத்திருப்பீர்கள். பிசுக்கு மெல்லிய வரிகளாகப் படிந்திருக்கும், கோடு அந்த வரிகளுக்குக் குறுக்கே விழும். வேண்டுமானால் மேலிருந்து கீழாக ஒருமுறை துடைத்துப் பாருங்கள், கோடு படுத்துக்கொள்ளும். பிறகு லென்ஸில் லேசாக ஊதி, மைக்ரோஃபைபர் துணியால் வட்டமாகத் துடையுங்கள். சிரிக்காதீர்கள், நானே ஒரு முழு ராத்திரி அப்பர்ச்சரைத் திருகித் திருகிப் பார்த்துவிட்டு, விடியற்காலையில்தான் ஃபில்டரில் இருந்த கட்டைவிரல் ரேகையைக் கண்டேன்.

கேள்வி: கதிர் இல்லை, ஆனால் வானத்தில் பச்சைப் புள்ளிகள் தெரிகின்றன.

பதில்: அது வேறு வியாதி. விளக்கிலிருந்து படத்தின் நடுப்புள்ளி வழியாக ஒரு கோடு போடுங்கள். மறுபக்கம் அதே தூரத்தில் புள்ளி இருந்தால், பெரும்பாலும் லென்ஸ் முன்னால் மாட்டிய யூவி ஃபில்டரில் பட்டுத் திரும்பிய ஒளி. கழற்றி வையுங்கள். சட்டகத்துக்குள்ளேயே இருக்கும் விளக்குக்கு லென்ஸ் ஹுட் (பக்கவாட்டு ஒளியை மறைக்கும் வளையம்) உதவாது.

கேள்வி: அப்படியானால் எஃப்1.8க்கே திறந்துவிட்டால் என்ன?

பதில்: கதிர் போகும். ஆனால் பல லென்ஸ்களில் மூலைகளில் இருக்கும் விளக்குகள் சிறகு விரித்த பறவைபோல இழுபடும். ஒன்றிரண்டு ஸ்டாப் மூடி எஃப்2.8, எஃப்4 பக்கம் நில்லுங்கள்.

கேள்வி: மாடி ஜன்னலுக்குள்ளிருந்து எடுத்தேன். எஃப்4 தான். ஆனாலும் கூட்டல் குறிபோல 4 கதிர்.

பதில்: கொசுவலை அடித்த ஜன்னலா? அதன் குறுக்கும் நெடுக்குமான இழைகள் செய்த வேலை அது. வலையைத் திறந்துவிட்டு எடுங்கள்.

கேள்வி: எடுத்த படத்தில் கதிரை எடிட்டிங்கில் அழிக்கலாமா, அக்கா சொன்னார் ஹைலைட்டை (படத்தின் மிக வெளிச்சமான பகுதிகளை) குறைத்தால் போதுமென்று.

பதில்: கதிர் மங்கும், போகாது. கூடவே விளக்கும் சாம்பல் பூத்துவிடும். எடுக்கும்போதே ட்ரைபாடை அசைக்காமல் இரண்டு எடுங்கள்: விளக்குக்கு அளவான குறைந்த வெளிச்சத்தில் ஒன்று, இருட்டுக்கு ஒன்று. பிறகு இணைத்துக்கொள்ளலாம். அல்லது சூரியன் மறைந்து வானம் நீலமாக இருக்கும்போதே போய்விடுங்கள். விளக்குக்கும் சுற்றுப்புறத்துக்கும் அவ்வளவு வித்தியாசம் இராது.

கேள்வி: எல்லாரும் வேண்டாம் என்கிறீர்கள், எனக்கு அந்த நட்சத்திரம்தான் வேண்டும்!

பதில்: முதல் கேள்வி கேட்டவரின் செட்டிங்கை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். ஆசைப்பட்டு எஃப்22 வரை மட்டும் போகாதீர்கள், படம் முழுக்க மசமசவென்று ஆகிவிடும்.