சுண்டெலியின் இரும்பும் மகனின் மறதியும்

அன்புள்ள ஐயா,

இரும்புச்சத்து கொடுத்த சுண்டெலிகள் சீக்கிரம் வழி கற்றுக்கொண்டதாக ஒரு செய்தி படித்தேன். என் மகனுக்குப் படித்தது மனதில் நிற்பதில்லை. ரத்தசோகை இல்லை என்கிறார்கள். மாத்திரை கொடுத்துப் பார்க்கலாமா?

கே.

அன்புள்ள கே.,

அந்தச் சுண்டெலிகளுக்கு முன்பே இரும்புக் குறைபாடு இருந்ததா? செய்தியில் முதலில் தேட வேண்டியது அதைத்தான். மூளையில் செய்தி கடத்தும் டோபமின், செரோடோனின் ஆகியவற்றைத் தயாரிக்கும் நொதிகளுக்கு இரும்பு வேண்டும். நரம்பிழைகளைப் போர்த்தும் மையலின் என்ற உறை உருவாகவும் வேண்டும். குறைந்துபோன எலிக்குக் கொடுத்தால் தேறத்தான் செய்யும். அதுவும் எப்போதும் முழுதாக அல்ல. கருவிலும் பால்குடி நாட்களிலும் இரும்பில்லாமல் வளர்ந்த எலிகளுக்குப் பின்னால் ரத்தம் சரியான பிறகும் கற்றலில் கோளாறு தங்கிவிடுவதுண்டு.

எதை வைத்து 'நினைவு' என்கிறார்கள் என்பதையும் பாருங்கள். ரிச்சர்ட் மோரிஸ் 1980களின் தொடக்கத்தில் எலிகளுக்காக வடிவமைத்த நீர்த்தொட்டிச் சோதனை இதில் பிரபலம். கலங்கலான தண்ணீருக்குள் ஒரு சின்ன மேடை மூழ்கியிருக்கும். சுற்றியுள்ள அடையாளங்களை வைத்து எலி அதை நீந்திக் கண்டுபிடிக்க வேண்டும். எத்தனை விநாடி ஆனது என்று மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். ரத்தசோகை உள்ள எலிக்கு மறதியே இல்லாமல் மூச்சு மட்டும் வாங்கியிருக்கலாம். அதனால் தாமதமாக வந்திருக்கலாம். அதனால்தான் நீந்திய தூரத்தையும் வேகத்தையும் தனித்தனியே கணக்கிடுகிறார்கள். சில சுண்டெலிகள் தேடுவதே இல்லை, சும்மா மிதக்கும். அதை மறதிக் கணக்கில் எழுதினால் பாவம், எலி என்ன செய்யும்!

சரி, குறையே இல்லாத எலிக்குக் கொடுத்தால்? சுண்டெலிக்குத் தேவை கிலோ தீவனத்துக்கு 35 மில்லிகிராம் இரும்புதான். ஆய்வகங்கள் வாங்கும் தீவனங்கள் பலவற்றில் 200-ஐத் தாண்டியே இருக்கிறது. அதற்கு மேல் போவது ஆபத்தாகவும் முடியலாம். ஃபிரெட்ரிக்சன் குழுவினர் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், பிறந்த 10 முதல் 12-ஆம் நாள் வரை இரும்பு பெற்ற சுண்டெலிகள் வளர்ந்த பிறகு புதிர்ப்பாதையில் தடுமாறின. மூளை மும்முரமாக வளரும் நாட்கள் அவை. மிஞ்சிய இரும்பு, ஆக்சிஜனிலிருந்து தீவிரமாக வினைபுரியும் பொருட்களை உண்டாக்கிச் செல்லைச் சிதைக்கும்.

உங்கள் மகனுக்கு ஹீமோகுளோபின் மட்டும் பார்த்தார்களா, ஃபெரிட்டினும் பார்த்தார்களா? ரத்தசோகை வருவதற்கு முன்பே உடலின் இரும்புச் சேமிப்பு காலியாகிவிடும். அதைக் காட்டுவது ஃபெரிட்டின். குறைவாக இருந்தால் மருத்துவர் அளவு சொல்வார். சரியாக இருந்தால் மாத்திரை வேண்டாம். தூக்கம், கண்பார்வை, படிக்கும் முறை ஆகியவற்றைப் பாருங்கள்.