கிளை நூலகத்தில் உறுப்பினராவது எப்படி?

தமிழ்நாட்டில் வாடகை வீட்டில் இருப்பவர் கிளை நூலகத்தில் உறுப்பினராக முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக முடியும். ஆதார் நகலோடு போய் விண்ணப்பத்தை நிரப்பி, காப்புத் தொகையும் சிறிய சந்தாவும் கட்டுங்கள். காப்புத் தொகை உங்கள் பணம், விலகும்போது திரும்பக் கிடைக்கும், ரசீதைத் தொலைத்துவிடாதீர்கள்.

தயக்கமே வேண்டாம். 1948-இல் வந்த நூலகச் சட்டப்படி சொத்து வரியோடு நூலக வரியும் வசூலாகிறது, இப்போது ரூபாய்க்கு 10 காசு. நீங்கள் தரும் வாடகையிலும் அதில் ஒரு பங்கு இருக்கிறது.

அப்புறம், புத்தகத்தின் உள்ளே ஒட்டிய தாளில் தேதி முத்திரை குத்தித் தருவார்கள். ஊதா மையில் மங்கலாகத்தான் விழும், அங்கேயே படித்துப் பார்த்துவிடுங்கள். உட்கார்ந்து நாளிதழ் படிக்க அட்டையே தேவையில்லை.