குறைந்த செலவில் ஒரு பெரிய நகரத்தைச் சுற்றிப் பார்க்க எப்படித் திட்டமிடுவது?

முதல் முறையாக ஒரு பெரிய நகரத்துக்குப் போகிறீர்கள், நான்கைந்து நாள்தான், செலவு கைக்கு அடக்கமாக இருக்க வேண்டும், எதிலிருந்து ஆரம்பிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். டிக்கெட் விலைகளை விட்டுவிட்டு முதலில் மேப்பைத் திறங்கள். நான் பார்த்தவரை, பெரிய நகரங்களில் நுழைவுக் கட்டணத்தைவிட அலைச்சலில்தான் பணம் அதிகம் கரைகிறது. கால் கெஞ்ச ஆரம்பித்ததும் டாக்ஸி பிடிப்போம். பசி தாங்காமல் சுற்றுலாத் தலத்துக்கு எதிரே இருக்கும் கடையிலேயே உட்கார்ந்துவிடுவோம். நாம் அப்படித்தான் வந்து உட்காருவோம் என்பது கடைக்காரருக்கும் தெரியும், மெனுவில் விலையைப் பார்த்தாலே புரியும்.

அதனால் பார்க்க ஆசைப்படும் இடங்களையெல்லாம் கூகுள் மேப்ஸில் குறித்துவிடுங்கள். குறித்து முடித்ததும் அவை தாமாகவே நான்கைந்து கொத்துகளாகத் தெரியும். ஒரு கொத்துக்கு ஒரு நாள். எந்தக் கொத்திலும் சேராமல் ஊர்க்கோடியில் தனியாக நிற்கும் இடத்தை, அது எவ்வளவு பிரபலமாக இருந்தாலும், நான் முதலில் வெட்டிவிடுவேன்.

இதைச் செய்யும்போது மெட்ரோ வரைபடத்தை நம்பித் தூரத்தைக் கணக்குப் போடாதீர்கள். லண்டன் சுரங்க ரயிலுக்காக ஹாரி பெக் வரைந்து 1933-இல் வெளியான வரைபடத்தின் பாணியைத்தான் பல நகரங்கள் பின்பற்றுகின்றன. எந்த நிலையத்துக்கு அடுத்து எது என்று அது சொல்லும், எவ்வளவு தூரம் என்று சொல்லாது. லண்டனில் லெஸ்டர் ஸ்கொயருக்கும் கோவன்ட் கார்டனுக்கும் இடையே சுமார் 260 மீட்டர்தான். கீழே இறங்கி, ரயிலுக்குக் காத்திருந்து, லிஃப்டில் மேலே வருவதற்குள் நடந்தே போய்ச் சேர்ந்துவிடலாம்.

தங்குமிடம் மையத்திலேயே இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் நடக்கிற தூரத்தில் ஒரு நிலையம், அங்கிருந்து வண்டி மாறாமல் அரை மணி நேரத்தில் மையம், இந்த இரண்டையும் விட்டுக்கொடுக்காதீர்கள். கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்பதையும் பார்த்துவிடுங்கள். அதைத் தவறவிட்டால், அறையில் மிச்சம் பிடித்த காசு இரண்டு ராத்திரி டாக்ஸிக்கே போய்விடும். விமானமும் இதே கதைதான். ‘பாரிஸ்’ என்று மலிவாக விற்கும் டிக்கெட் போவே விமான நிலையத்தில் இறக்கிவிடலாம், அங்கிருந்து நகரம் சுமார் 85 கிலோமீட்டர்.

சரி, இலவசம். இதில் நகரத்துக்கு நகரம் வழக்கம் வேறு. லண்டனில் பிரிட்டிஷ் மியூசியம், நேஷனல் கேலரி போன்றவற்றின் நிரந்தரக் காட்சிகளுக்கு எல்லா நாளும் கட்டணம் இல்லை, சிறப்புக் கண்காட்சிக்கு மட்டும்தான் டிக்கெட். பாரிஸின் ஓர்சே மியூசியம் மாதத்தின் முதல் ஞாயிறு இலவசம். மாட்ரிட்டின் பிராதோ மியூசியத்தில் தினமும் கடைசி இரண்டு மணி நேரம் இலவசம். வத்திக்கான் மியூசியத்தில் மாதத்தின் கடைசி ஞாயிறு. ஆனால் இலவசம் என்றால் கூட்டமும் வரும். வத்திக்கான் ஞாயிற்றை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன், காலை நேரம் முழுவதும் வரிசையிலேயே போய்விடும். பிராதோ மாலை வேறு மாதிரி. எல்லாவற்றையும் பார்க்க ஆசைப்படாமல் வெலாஸ்கஸ், கோயா என்ற ஓவியர்களின் அறைகளுக்கு மட்டும் நேராகப் போனால் இரண்டு மணி நேரம் தாராளமாகப் போதும். வார விடுமுறையையும் சேர்த்தே பாருங்கள்: பாரிஸின் லூவ்ர் மியூசியத்துக்குச் செவ்வாய், ஓர்சேவுக்குத் திங்கள்.

கொஞ்சம் சுற்றுவழியும் உண்டு. லண்டனின் செயின்ட் பால்ஸ் பேராலயத்திலும் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயிலும் சுற்றுலாப் பயணிகளுக்குக் கட்டணம் அதிகம், மாலை வழிபாட்டுக்குப் போனால் இல்லை. சுற்றித் திரியவோ படம் எடுக்கவோ முடியாது, ஆனால் அந்தக் கூரைக்குக் கீழே உட்கார்ந்து பாடகர் குழுவைக் கேட்கலாம். நியூயார்க்கில் ஸ்டேட்டன் ஐலண்ட் ஃபெரி இலவசம். போகும்போது வலது பக்கம் நின்றால் சுதந்திரதேவி சிலை தெரியும். அக்கரையில் எல்லாரும் இறங்கித்தான் ஆக வேண்டும், இறங்கி அடுத்த ஃபெரியிலேயே திரும்பிவிடலாம். சிலையின் காலடிவரை போக வேண்டும் என்பவர்களுக்கு இது ஆகாது, எனக்கு இதுவே போதும்.

பல இடங்களுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட்டாக விற்கும் சிட்டி பாஸ் வாங்கலாமா என்றால், பெரும்பாலானவர்களுக்கு வேண்டாம் என்பேன். பாரிஸ் மியூசியம் பாஸ் போன்றவை 48 மணி நேரம், 96 மணி நேரம் என்று இடைவிடாமல் ஓடும். காசு வீணாகக் கூடாதே என்று நாமும் கூடவே ஓட வேண்டியிருக்கும். நீங்கள் நிஜமாகவே உள்ளே போகப்போகும் இடங்களின் கட்டணத்தைத் தனித்தனியாகக் கூட்டிப் பாருங்கள். ஒரு நாளைக்கு ஒரு கட்டண இடம் என்று வைத்துக்கொண்டால் பாஸ் பெரும்பாலும் தேவைப்படாது.

போக்குவரத்தில் லண்டன், நியூயார்க் போன்ற ஊர்களில் வங்கிக் கார்டை நுழைவாயில் மெஷினில் தட்டிப் போனாலே போதும். ஒரு வரம்புக்கு மேல் அவர்களே காசு பிடிப்பதை நிறுத்திவிடுவார்கள். ஆனால் ஒருவருக்கு ஒரு கார்டு, கடைசிவரை அதே கார்டு. காலையில் கார்டு, மாலையில் அதே கார்டு ஏற்றிய போன் என்று மாற்றினால் இரண்டு தனி ஆள்போலக் கணக்காகிவிடும், வரம்பை எட்டுவது கஷ்டம்.

அப்புறம், வெளிநாடு என்றால், கடையிலோ ஏடிஎம்மிலோ மெஷின் ‘உங்கள் நாட்டுப் பணத்தில் எடுக்கவா’ என்று அன்பாகக் கேட்கும். வேண்டாம் என்று சொல்லி அந்த ஊர்ப் பணத்தையே தேர்ந்தெடுங்கள். மெஷின் காட்டும் மாற்று விகிதம் அநேகமாக உங்கள் வங்கியின் விகிதத்தைவிட மோசமாகத்தான் இருக்கும்.